வலது கையில் ஒரு காப்பு

அந்த ஆடி மாதத்தில் என் கழுத்தில் ஒரு குழாய் இருந்தது. சிறுநீரகம் இரண்டும் பழுதாகி, திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் டயாலிசிஸுக்காக ராயபுரத்தில் ஒரு மருத்துவமனைக்குப் போவேன். நான்கு மணி நேரம் என் ரத்தம் அந்தக் குழாய் வழியே இயந்திரத்துக்குப் போய்ச் சுத்தமாகித் திரும்பும். ஏற்கெனவே ஒருமுறை குழாயில் கிருமி புகுந்து, குளிர்காய்ச்சலில் கட்டிலோடு சேர்த்து என்னை ஆட்டியது. இன்னொரு தடவை வந்தால் உடம்பு தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அதற்காகத்தான் கையில் ஃபிஸ்டுலா வைத்தார்கள். மணிக்கட்டுக்கு மேலே தமனியையும் சிரையையும் சேர்த்துத் தைத்துவிடுவது. தமனி ரத்தம் வேகமாகப் பாய்ந்து அந்தச் சிரை பருக்கும். பருத்த பிறகு அதில் ஊசி போடலாம், கழுத்துக் குழாயை எடுத்துவிடலாம். வழக்கமாக எழுதாத கையில்தான் வைப்பார்கள். துறைமுகத்தில் முப்பத்தொரு வருடம் கப்பல் மூட்டைகளை எண்ணி இடது கையால் குறித்தவன் நான். எனவே எனக்கு வலது கை. இடது கைச் சிரைகள் நூலாக இருக்கின்றன, அது வேலைக்கு ஆகாது என்றும் சொல்லியிருந்தார்கள். இருந்தது அந்த ஒரு கைதான்.

தைத்த இடத்தில் விரலை வைத்தால் தோலுக்குக் கீழே ஓர் அதிர்வு ஓடும். கிரேன் பாரம் தூக்கும்போது தண்டவாளத்தில் கால் வைத்தால் தெரியுமே, அந்த மாதிரி. அது நின்றால் உள்ளே ரத்தம் உறைந்துவிட்டது என்று அர்த்தம். காலையும் மாலையும் தொட்டுப் பார்க்கச் சொன்னார்கள். நான் அரை மணிக்கொரு தரம் தொட்டேன். அந்தக் கையில் கடிகாரம் கட்டக்கூடாது, ப்ரெஷர் பார்க்கக்கூடாது, ரத்தம் எடுக்கக்கூடாது, பை தூக்கக்கூடாது, அதைத் தலைக்கு வைத்துப் படுக்கக்கூடாது. ஐந்தும் என் மனைவிக்கு மனப்பாடம்.

முதல் ஊசி திங்கட்கிழமை என்று முடிவானது. அது நல்லபடியாக ஏற வேண்டும் என்று அவள் எங்கள் திருவொற்றியூர் தெருவின் அம்மனுக்கு வேண்டிக்கொண்டிருந்தாள். ஞாயிறு கூழ் ஊற்றும் நாள். அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை மாலை, டயாலிசிஸ் முடித்த களைப்போடு என்னைக் கோயிலில் காப்புக் கட்ட நிறுத்தினாள். பூசாரி எண்ணூரில் வெல்டிங் வேலை செய்கிறவர்.

"ஆம்பளைக்கு சோத்தாங்கைதான் நைனா."

"அந்தக் கையில ஆபரேஷன் ஆகியிருக்கு."

"அக்கா சொல்லிச்சு. தையல் மேல படாம கட்டுறேன், பயப்படாத."

சொன்னபடியே தழும்பை விட்டு இரண்டு விரற்கடை மேலே தள்ளி, மஞ்சள் நூலை மூன்று சுற்றுச் சுற்றி, நடுவில் ஒரு மஞ்சள் துண்டை வைத்து முடிந்தார். நூலுக்கடியில் என் விரல் நுழைந்தது. தளர்வாகத்தான் இருக்கிறது என்று நானும் சும்மா இருந்துவிட்டேன். தழும்புக்கு மேலேதான் அந்தச் சிரை ஓடுகிறது என்பது மூன்று பேருக்குமே உறைக்கவில்லை.

டயாலிசிஸ் முடிந்த அன்று உடம்பில் நீர் வற்றியிருக்கும். சனியும் ஞாயிறும் இயந்திரம் கிடையாது. குடித்த நீர் வெளியேற வழியில்லாமல் காலிலும் கையிலும் இறங்கும். ஞாயிறு காலை விழித்தபோது நூல் சதைக்குள் புதைந்திருந்தது. மஞ்சள் துண்டு சிரையின் மேல் ஆணி மாதிரி உட்கார்ந்திருந்தது. தொட்டேன். அதிர்வு இல்லை.

"ஓடுறது தெரியல" என்றேன்.

"அரை மணிக்கு ஒருக்கா தடவுனா வெரலு மரத்துதான் பூடும்" என்ற என் மனைவி, கையில் காதை வைத்தாள். வெளியே கோயில் மைக் அலறிக்கொண்டிருந்தது.

"இன்னா கேக்குது?"

"மைக்குதான் கேக்குது."

"காப்பைக் கழட்டணும்."

"கூழு ஊத்தாம கழட்டுனா வேண்டுதல் இன்னா ஆவும்? உங்க கைக்குத்தான கட்டுனது."

"கையே போயிட்டா?"

"கடியாரம் கூடாதுன்னாங்க. காப்பு கூடாதுன்னு யாருனா சொன்னாங்களா?" சொன்னவளே, கட்டினவரே அவிழ்க்கட்டும் என்று என் தோளைப் பிடித்துக் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

கூழ்ப் பானையருகே நின்ற பூசாரி கையைப் பார்த்தார். "இன்னா நைனா, பன்னு மாதிரி கீது." முடிச்சு நகத்துக்கு மசியவில்லை. எலுமிச்சம்பழம் அறுக்கிற கத்தியை எடுத்தார். நான் கையை இழுத்துக்கொண்டேன். அந்தச் சிரையில் ஒரு கீறல் விழுந்தால் ரத்தம் பீய்ச்சி அடிக்கும்.

"கத்தி வேணாம்."

"பின்ன பல்லால கடிக்கவா? நான் வெரதம் நைனா."

என் மனைவி தீர்த்தக் கரண்டியின் காம்பை நூலுக்கடியில் மெல்ல நுழைத்தாள். காம்பு இன்னும் அழுத்தியது. பூசாரி கரண்டியின் மேலேயே கத்தியை வைத்து ஒவ்வோர் இழையாக அறுத்தார். எத்தனை இழை என்று எனக்குத் தெரியாது. அறுந்த நூலை அவளிடம் கொடுத்து, "நீ கட்டிக்க அக்கா, ஆத்தா கோச்சிக்க மாட்டா" என்றார்.

அப்போதும் அதிர்வு தெரியவில்லை. ஆட்டோ பிடித்தோம். வழியெல்லாம் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றன. அவள் இரண்டு விரலை என் கைமேல் வைத்தபடி வந்தாள்.

"ஆடுறாப்பல கீது" என்றாள் திடீரென்று. பிறகு, "வண்டி ஆடுதோ என்னமோ. அண்ணே, இஞ்சின நிறுத்துங்க."

"நிறுத்துனா திரும்ப கெளம்பாது மா."

"நிறுத்துங்க."

நிறுத்தினார். பக்கத்து லாரியின் உறுமலில் எங்கள் இருக்கையே நடுங்கிக்கொண்டிருந்தது. மூவரும் என் கையைப் பார்த்தோம். ஒன்றும் தெளியவில்லை. ஆட்டோ உண்மையிலேயே கிளம்ப மறுத்தது. டிரைவர் முணுமுணுத்துக்கொண்டே தள்ளிக் கிளப்பினார்.

மருத்துவமனையில் டெக்னீஷியன் ஸ்டெதாஸ்கோப்பை என் கைமேல் வைத்து வெகுநேரம் கேட்டார்.

"ஓடுது பெருசு. ஆனா தம் இல்ல."

உறையவில்லை, நசுங்கியிருந்தது, அவ்வளவுதான் என்றார் டாக்டர். ஊசியை இரண்டு வாரம் தள்ளிப்போட்டார். அந்த இரண்டு வாரமும் கழுத்துக் குழாயோடு ஒவ்வொரு மாலையும் காய்ச்சல் வருகிறதா என்று நெற்றியைத் தொட்டுக்கொண்டிருந்தேன். மின்விசிறிக் காற்றில் உடம்பு சிலிர்த்தால்கூட அவளைக் கூப்பிட்டேன். காய்ச்சல் வரவில்லை.

மூன்றாவது திங்கட்கிழமை டெக்னீஷியன் என் வலது கையில் இரண்டு ஊசி போட்டார். முதல் ஊசியில் ரத்தம் குழாய்க்குள் பாதி தூரம் வந்து நின்றது. அவர் ஊசியை லேசாகத் திருப்பினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"பாருங்க" என்றார்.

இயந்திரம் சுற்றத் தொடங்கியிருந்தது. என் ரத்தம் சிவப்பாக அதற்குள் போய்க்கொண்டிருந்தது.