மல்லிகைப் பொட்டலம்

எனக்கு ஆட்டிசம் இருக்கிறது என்பது நாற்பதை நெருங்கும்போதுதான் தெரிந்தது. தி.நகரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் எங்கள் குடும்பத்தில் அதற்கு அதுவரை இருந்த பெயர், "அவ அப்படித்தான்."

அம்மாவின் இதய வால்வு பழுதாகியிருந்தது. ஆபரேஷன் செய்வதா, மாத்திரையிலேயே ஓட்டுவதா என்று நாங்கள்தான் முடிவெடுக்க வேண்டும். அடையாறில் பார்த்த டாக்டர், "இந்த வயசுல பண்ணிக்கிட்டவங்க பெரும்பாலும் நல்லபடியா வீட்டுக்குப் போயிடறாங்க" என்றார். அண்ணனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. மயிலாப்பூர் டாக்டரோ, "ஒரு சிலர் டேபிள்லயே போயிடறாங்க" என்றார். திரும்பும் வழியில் அண்ணன் காரை ஓரங்கட்டி அழுதான். இரண்டு பேரும் சொன்னது ஒன்றுதானே, இதில் சிரிக்கவும் அழவும் என்ன இருக்கிறது என்று கேட்டேன்.

"உனக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா இல்லையா?" என்றான்.

எரிச்சலாக வந்தது. மனசு இருக்கப்போய்த்தானே மாத்திரையோடு விட்டால் என்ன ஆகும் என்று நான் மட்டும் கேட்டேன்? "கஷ்டம்தான்" என்றார் மயிலாப்பூர் டாக்டர். எவ்வளவு கஷ்டம் என்றேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எனக்கு எல்லாம் தெரிந்தால்தான் ஒரு பக்கம் சாய முடியும். எல்லாம் தெரிந்தவர் யாரும் இல்லை. ராத்திரியும் பகலும் இதே யோசனை, சோறு இறங்கவில்லை.

கடைசியில் அண்ணன், "பூப்போட்டுப் பாத்துடலாம்" என்றான். தென்பக்கத்து வழக்கம். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாகப் பொட்டலம் கட்டிச் சாமி முன் வைப்பார்கள். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. எடுப்பதற்குச் சின்னக் குழந்தையைக் கூப்பிடுவது வழக்கம். எங்கள் வீட்டில் குழந்தை இல்லாததால் என்னைக் கூப்பிட்டார்கள். "இவளுக்குத்தான் சூதுவாது தெரியாது" என்றாள் மதினி. இந்த வயதில் இதைக் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது.

பூஜை அலமாரி முன்னால் உட்கார்ந்து கையை நீட்டினேன். இரண்டு பொட்டலமும் பார்க்க ஒரே மாதிரிதான். ஆனால் வலது பக்கத்திலிருந்து மல்லிகை வாசம் ஆளைத் தூக்கியது. இன்னொன்றில் இருந்த சிவப்பு அரளிக்கு ஏது அந்த வாசம்?

"மதினி, இது மல்லி. எனக்குத் தெரிஞ்சுபோச்சு. வேற பூவா வெச்சுக் கட்டுங்க" என்றேன்.

அண்ணன் தலையில் அடித்துக்கொண்டான். மதினி மட்டும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "எங்க யாருக்குமே வாசம் வரல. கையை நீட்டினதும் இவளுக்கு மட்டும் வந்துச்சு பாருங்க! சாமியே உத்தரவு குடுத்துட்டார்."

எனக்கு எப்போதுமே அப்படித்தான் வாசம் வரும், அடுத்த வீட்டுப் பால் பொங்கினால்கூட வரும் என்று கத்தினேன். யார் காதிலும் விழவில்லை. என் மூக்கு சொன்னது சாமி சொன்னதாகிவிட்டது. மறுநாளே அண்ணன் ஆபரேஷனுக்குத் தேதி வாங்கிவிட்டான்.

தியேட்டர் வாசலில் ஸ்ட்ரெச்சரை நிறுத்தினார்கள். "ஒண்ணும் ஆவாதும்மா" என்றான் அண்ணன். மதினியும் அதையே சொன்னாள். அம்மா என்னைப் பார்த்தாள். "ஏட்டி, நீ சொல்லு. ஒண்ணும் ஆகாதுல்ல?"

அதைச் சொல்லத்தான் நினைத்தேன். வாய் வரவில்லை. "தெரியலம்மா" என்றேன். உள்ளே தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

அம்மா பிழைத்து வந்தாள். "நான்தான் சொன்னேன்ல!" என்று அண்ணன் எல்லோருக்கும் இனிப்பு கொடுத்தான். நல்லபடியாக முடிந்ததால் அவன் சொன்னது நிஜமாகிவிடாது. இதை யாரிடம் சொல்ல?

வீட்டுக்கு வந்தபின் ஒருநாள் சாயங்காலம் அம்மாவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். அவளாகவே பேசினாள். "அந்த வாசல் வரைக்கும் எனக்குப் பயமே இல்லட்டி. நீ தெரியலன்னு சொன்னப்புறம்தான் வந்துச்சு. மயக்க மருந்து போடுற வரைக்கும் உடம்பு நடுங்கிட்டே இருந்துச்சு."

சீப்பு கையிலேயே நின்றது. நாளை அதே வாசலில் அவள் மறுபடி கேட்டாலும் எனக்கு வேறு பதில் வராது.

அதையும் அவளிடம் சொன்னேன்.