அங்கே அழுதுகொண்டு நின்றது ஆர்?

வலையில் சிக்கிய நண்டைக் கால் முறியாமல் கழற்றியபடியே ஜெயந்தா தனக்குள் வேதம் சொல்லிக்கொள்கிறாள். ஒரு வசனம் முடிய ஒரு நண்டு கூடைக்குள் விழும். கடிக்க வருகிற நண்டுக்கு மட்டும், "சும்மா கிட சாத்தானே" என்று இடையில் ஓர் அதட்டல்.

நாரந்தனையில் இருக்கிறாள். வயது ஐம்பத்திரண்டு, கலியாணம் செய்யவில்லை. பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு நின்றுபோனது. விடியற்காலையில் நண்டு, பின்னேரத்தில் செபக்கூட்டம். மூக்குக்கண்ணாடியின் ஒரு பக்கத்தை நைலோன் நூல்தான் காதோடு பிடித்து வைத்திருக்கிறது. வேதத்தில் சந்தேகம் வந்தால் ஊரார் அவளிடம்தான் வருவார்கள்; ஆனால் ஒற்றை வசனத்துக்கு விளக்கம் கேட்டால் சொல்ல மாட்டாள். முன்னும் பின்னும் வாசித்தாக வேண்டும். வேதத்தில் பழைய சட்டம் எது வந்தாலும் அவளுடைய கேள்வி ஒன்றுதான்: "இதைச் சொல்லேக்க அங்க ஆர் அழுதுகொண்டு நிண்டது?"

போன கிழமை அதே ஊர் பஸ்ரியாம்பிள்ளை மகளோடு வந்தார். பிரியதர்சினிக்கு இருபத்திநாலு வயது. அவளைப் பலவந்தப்படுத்தியவன் மேல் வழக்கு நடக்கிறது. இப்போது அவனுடைய பெரியப்பா, கலியாணத்தைச் செய்துவைப்போம், வழக்கை விடுங்கள் என்கிறார். அன்றைக்கே பதில் வேண்டுமாம். மகள் மாட்டேன் என்கிறாள்.

"கெடுத்தவனே கட்டவேணும், ஒரு நாளும் தள்ளிவிடக் கூடாது எண்டு வேதத்தில மோசேயின்ர சட்டம் சொல்லிக் கிடக்குத் தங்கச்சி. நீர் இவளுக்குச் சொல்லும்" என்றார் அவர்.

ஜெயந்தா கையைக் கழுவித் துடைத்து, வேதப் புத்தகத்தில் அந்தப் பக்கத்தை இரண்டு தரம் வாசித்தாள்.

"அண்ணை, அந்த நாளையில இப்பிடி நடந்த பெட்டைக்கு வீடுமில்லை, சோறுமில்லை. அவள் தெருவில நிண்டு அழுதிருப்பாள். அவளைப் பட்டினி போடாதை எண்டு அவன்ர காலில போட்ட விலங்கு இது. பெட்டையின்ர காலில போட்டதில்லை. உங்கட வீட்டில இவளுக்குச் சோறில்லையோ?"

"சோறு கிடக்கு. பிறகு ஆர் இவளைக் கட்டுவான்?"

"என்னையும் ஒருத்தரும் கட்டேல்ல. நான் என்ன செத்தே போனன்?"

பிரியதர்சினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தகப்பன் திரும்பிப் பார்த்தார். அவள் சிரித்து எத்தனையோ மாதம்.

ஜெயந்தா பல ஏடுகள் முன்னே புரட்டினாள். "இஞ்ச பாருங்கோ. ஆசை காட்டிக் கெடுத்தவனைப் பற்றி இன்னொரு சட்டம். அவன் கட்டவேணும். ஆனால் தகப்பன் தரமாட்டன் எண்டால் தரத் தேவையில்லை. ஆசை காட்டினவனுக்கே தரமாட்டன் எண்டு சொல்லலாமாம். அடிச்சு இழுத்துக்கொண்டு போனவனுக்குச் சொல்ல ஏலாதோ?"

பஸ்ரியாம்பிள்ளை ஜெயந்தாவின் கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டு, எழுத்தில் விரலை வைத்துத் தானே வாசித்தார். வெகுநேரம் வாசித்தார். பிறகு மகளைப் பார்த்து, "நீ என்ன பிள்ளை சொல்லுறாய்?" என்றார். இதுவரை அவர் அப்படிக் கேட்டதில்லை.

"எனக்கு ஏலாதப்பா."

போன் அடித்தது. அவனுடைய பெரியப்பாதான். வெளியே போய்ப் பேச எழும்பியவரை, இருங்கள் என்று ஜெயந்தா கதிரையைக் காட்டினாள். அவர் அமர்ந்தார்.

"ஓம், நான்தான்... இல்லை. எனக்குச் சம்மதமில்லை" என்றார். பக்கத்திலிருந்த ஜெயந்தாவுக்கே அது சரியாகக் கேட்கவில்லை.

பிரியதர்சினி குசினி வாசலுக்கு ஒதுங்கிப்போய் நின்றாள். ஜெயந்தா அவர் பக்கம் திரும்பினாள். மகளுக்குக் கேட்கும்படி இன்னும் சத்தமாகச் சொல்லுங்கள் என்று, உள்ளங்கையை மேலே உயர்த்திக் காட்டினாள்.