கண்ணாடிச் சில்லில் ஊற்றியது

1938 ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, விடாத சாரலில், வெள்ளைக்கார மார்த்தா டீச்சர் இரண்டு கண்ணிலும் கட்டோடு காரில் ஏறி மதராஸ் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டாள். கைபிடித்துக் காரில் ஏற்றிவிட்டவள் ஆயா சிவபாக்கியம்.

"அழாதே பாக்கியம். உன் மேல் ஒரு குறையும் இல்லை" என்றாள் டீச்சர்.

அதைக் கேட்டதும் சிவபாக்கியம் பிடித்திருந்த கையைச் சட்டென்று விட்டாள்.

வெள்ளகவி கிராமத்திலிருந்து மலையேறி வந்து, கொடைக்கானலில் டீச்சரின் பங்களாவில் வேலைக்குச் சேர்ந்தவள் அவள். டீச்சருக்குக் கருவிழி கூம்புபோலப் புடைத்துப்போகிற நோய். மூக்குக்கண்ணாடி உதவவில்லை. கண்ணுக்குள்ளேயே பொருத்துகிற கண்ணாடிச் சில்லு இரண்டு ஜெர்மனியில் செய்து வாங்கியிருந்தாள். கால் ரூபாய் அகலம், கிண்ணம்போலக் குழிவு. அவற்றைக் கழுவுவது சிவபாக்கியத்தின் சோலி. சோப்புப் போட்டுக் கை கழுவி, காய்ச்சி ஆறிய தண்ணீரில் அளந்து உப்பைக் கரைத்து, சில்லை அலசி, அதே தண்ணீரால் குழியை நிரப்பிக் கொடுக்க வேண்டும். டீச்சர் குனிந்து பொருத்திக்கொள்வாள். நாலு மணி நேரத்துக்கு மேல் கண்ணில் இருக்கக் கூடாது. இரண்டு வருஷமாகச் சிவபாக்கியம் ஒருநாளும் பிசகியதில்லை.

புரட்டாசிக் கடைசியில் டீச்சருக்குக் கண் சிவந்தது. பரீட்சைத்தாள் குவிந்து கிடந்ததால் சில்லைக் கழற்றிவைக்க அவளுக்கு மனசு வரவில்லை. வெள்ளகவியில் கண் சிவந்தால் தாய்ப்பால்தான் விடுவார்கள். அன்றைக்குச் சந்தைக்கு வந்திருந்த சிவபாக்கியத்தின் தம்பி பெண்டாட்டி அழகம்மாள், கைப்பிள்ளையோடு அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள்.

"கொஞ்சம் பீச்சிக் குடுடீ, டீச்சரம்மா கண்ணுக்கு."

"ஏன் மதினி, உங்க தொரைசானி இன்னும் பால்குடி மறக்கலையாக்கும்?"

சிரித்துக்கொண்டே பீச்சினாள். சிவபாக்கியம் உப்புத்தண்ணீருக்குப் பதில் அதை இரண்டு சில்லிலும் ஊற்றினாள். சொன்னால் வேண்டாமென்பாளோ என்று டீச்சரிடம் சொல்லவில்லை.

வெறும் கண்ணில் விட்ட பால் கண்ணீரோடு வழிந்துவிடும். சில்லுக்கு அடியில் அடைபட்ட பால் எங்கே போகும்? அழகம்மாள் இருந்த மூன்று நாளும் அப்படியே செய்தாள். நாலாம் நாள் வலக்கண்ணில் சீழ் கட்டிவிட்டது.

டாக்டர் ஞானவேல் வந்து பார்த்துவிட்டு அவளைத் தனியே கூப்பிட்டார்.

"சில்லுல என்ன ஊத்துன?"

"உப்புத்தண்ணிதாங்க."

"காய்ச்சுனதுதானா?"

"ஆமாங்க."

"யோசிச்சுச் சொல்லும்மா. என்னன்னு தெரிஞ்சாத்தான் இன்னொரு கண்ணையாவது காப்பாத்த முடியும்."

போலீஸ்காரன் வந்து இழுத்துப்போவது அவள் கண்முன் வந்து நின்றது.

"உப்புத்தண்ணிதாங்க."

டாக்டர் சில்லின் மேல் பழிபோட்டு எழுதிக்கொடுத்தார். டீச்சர் போன மறுமாசம் சிவபாக்கியம் தானாகவே வேலையை விட்டாள். கடைவீதியில் கிபாயத்துல்லாவின் மண்டியில் பூண்டு பொறுக்கப் போனாள். யார் வீட்டிலும் யார் கண்ணையும் அதற்குப்பின் அவள் தொட்டதில்லை.

1946இல் மதராஸிலிருந்து அவள் பேருக்கு ஒரு கடிதம் வந்தது. டீச்சர் சொல்லச் சொல்ல வேறு யாரோ எழுதியது. கிபாயத்துல்லா உரக்கப் படித்தார்:

"பாக்கியத்துக்கு, வலக்கண்ணை எடுத்துவிட்டார்கள். இடக்கண்ணில் வெளிச்சம்கூடத் தெரிவதில்லை. பழகிவிட்டது. இப்போது என் தம்பி மகளுக்கும் இதே நோய். அவளுக்கும் சில்லு வாங்கியிருக்கிறோம். உன்னைப்போல் பக்குவமாகக் கழுவத் தெரிந்தவர்கள் இங்கே யாருமில்லை. நீ எனக்கு எப்படியெல்லாம் செய்தாயோ, ஒன்றுவிடாமல் யாரிடமாவது சொல்லி எழுதி அனுப்பு. அதன்படியே அவளுக்கும் செய்யச் சொல்கிறேன்."