மூச்சடக்கும் பல் டாக்டர்

பேட்டரி ஒயரைச் சொருகியதும் பல் டாக்டர் மூச்சை அடக்கிக்கொள்வார். அவர் மட்டுமல்ல, வீடே அடக்கிக்கொள்ள வேண்டும். மிக்சி ஓடக் கூடாது. கதவு அடிக்கக் கூடாது. சுவர்க்கடிகாரம்கூட அப்போது நுனிக்காலில் நடக்கும் என்று கேள்வி. "அசையாதீங்க!" கிளினிக்கில் நோயாளியிடம் சொல்லும் அதே குரல்தான். இங்கே மேசைமேல் படுத்திருப்பது பொம்மை விமானம்.

அதன் ரிசீவருக்குள் மிளகளவு ஜைரோ ஒன்று குடியிருக்கிறது. காற்றில் விமானம் சாய்ந்தால் நிமிர்த்திவிடுவது அதன் வேலை. ஆனால் பேட்டரி சொருகிக் கண் விழிக்கும்போது எப்படி இருக்கிறதோ, அதுதான் அசையாத நிலை என்று மனப்பாடம் பண்ணிவிடும்.

போன தடவை மைத்துனரின் விமானத்துக்கு டாக்டர் அந்தப் பாடத்தை நடத்தியது வாஷிங் மெஷின்மேல் வைத்து! உள்ளே போர்வை சுற்றிக்கொண்டிருந்தது அவர் புத்தியில் ஏறவில்லை. மேலே போன விமானம் குடிகாரனைப்போல ஒரே பக்கமாகச் சாய்ந்து, மரத்தைக் கட்டிக்கொண்டது. அன்றிலிருந்துதான் வீட்டில் இந்த மூச்சடக்கல்; டாக்டருக்கு ரிமோட்டைத் தொட அனுமதியுமில்லை.

இப்போது மைத்துனரிடம் புது விமானம். மைதானத்துக்கு வந்ததுமே எச்சரிக்கை: "செட்டிங் மட்டும் பாருங்க அத்தான். ரிமோட் பக்கம் வந்துடாதீங்க."

மோட்டாரை முடுக்கியதும் வால் மடல் வெடவெடத்தது.

"ஜைரோவோட அதிர்வு ஃபில்டரைக் கூட்டுங்க, நடுக்கத்தைக் கண்டுக்காம விட்டுடும், வாலும் அடங்கிடும்," என்றார் மைத்துனர்.

"அடங்கும் மாப்ள. ஆனா நிஜமாவே சாஞ்சாலும் ஜைரோவுக்கு லேட்டாத்தான் உறைக்கும். பல்லு ஆடுதுன்னு வந்தவனை மரத்துப்போற ஊசி மட்டும் போட்டு அனுப்புவேனா?"

"உங்க கைராசிக்கு, அப்படியே அனுப்பிடறதுதான் அவனுக்கு நல்லது," என்றாள் கூட வந்திருந்த மனைவி. அவள் எப்போதும் தம்பி கட்சி.

டாக்டர் மூக்கு விசிறியைக் கழற்றி ஊசியில் கோத்துப் பிடித்தார். ஒரு பக்கம் தொபுக்கென்று இறங்கியது; நடுக்கத்தின் வேர் இந்தக் கனக்கோளாறுதான். லேசான பக்கத்தில் நகமளவு டேப் ஒட்டினார். விசிறி தராசுக்கோல்போல நின்றது. திரும்ப மாட்டி முடுக்கினால், வால் பரம சாது. ஃபில்டரை ஒரு சிட்டிகை மட்டும் கூட்டினார். பிறகு விமானத்தைச் சமதரையில் வைத்து, பேட்டரியைக் கழற்றிச் சொருகினார். மூவரும் மூச்சடக்கினார்கள். மனைவி வந்த தும்மலைக் கைக்குட்டையில் முடிந்துவைத்தாள்.

விமானம் ஏறியது. மைத்துனர் வேண்டுமென்றே ரிமோட் குச்சியிலிருந்து விரலை எடுத்தார். காற்று ஓர் அறை விட்டது. விமானம் சாய்ந்தது, பிறகு யார் தயவும் இல்லாமல் நிமிர்ந்துகொண்டது.

மைத்துனர் ரிமோட்டின் வாரைத் தன் கழுத்திலிருந்து கழற்றி அத்தான் கழுத்தில் மாட்டினார். ஊரையே வாய் திறக்கச் சொல்கிறவர், யாரும் சொல்லாமலே ஆவென்று திறந்துகொண்டு நின்றார்.