கழற்றி வைத்த கைப்பிடி

எங்கள் ஊராட்சியில் குடிநீர்த் தொட்டியைத் திறந்துவிடுகிற வேலை என்னுடையது. புயல் மழையில் ஏரி உடைந்து, திருக்கழுக்குன்றம் சாலை வரைக்கும் மூன்று நாள் வெள்ளம் நின்றது. கக்கூஸ் தொட்டி, மாட்டுக் கொட்டகை எல்லாம் அதில்தான் மூழ்கிக் கிடந்தன. வடிந்ததும் சுகாதார ஆய்வாளர் வந்து இரண்டு வேலை சொன்னார். தொட்டியில் பிளீச்சிங் பவுடர் கலக்க வேண்டும். தெருமுனை அடிபம்பை யாரும் தொடக் கூடாது.

யார் கேட்பார்கள்? காபியில் ஆஸ்பத்திரி வாடை அடிக்கிறதென்று எல்லோரும் குடத்தோடு அடிபம்புக்கே போனார்கள். எனக்குப் பொறுமை குறைவு. ஸ்பேனரை எடுத்துப்போய்க் கைப்பிடியைக் கழற்றி, என் கட்டிலுக்கடியில் போட்டேன். தெருவே திட்டியது. நான் காதில் வாங்கவில்லை.

அடுத்த வீட்டுப் பெண்ணுக்கு அப்போது ஏழாம் மாதம். மருந்து வாடை பட்டாலே குமட்டிக்கொண்டு வரும். இரண்டு நாளாக ஒரு வாய் தண்ணீர் இறங்கவில்லை, உதடு வெடித்திருந்தது. என் வாசலில் வந்து நின்றாள்.

"ஒரே ஒரு கொடம்ண்ணா. வவுத்துல கீற புள்ள தாங்காது."

காய்ச்சிக் குடி என்றேன். அவள் வீட்டில் சிலிண்டர் தீர்ந்துவிட்டதும், விறகெல்லாம் ஈரம் என்பதும் எனக்கே தெரியும். ஊரை மிரட்டியவன் அவளிடம் இளகிவிட்டேன். தெரு அடங்கியிருந்த மத்தியானத்தில் கைப்பிடியை மாட்டி ஒரு குடம் அடித்துக் கொடுத்தேன். தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது. நின்றபடியே ஒரு சொம்பு குடித்தாள். பார்த்து எனக்கு மனசு நிறைந்துவிட்டது. பத்து நாள் அப்படிக் கொடுத்தேன்.

ஒரு மாதம் கழித்து அவளுக்குக் கண் மஞ்சளானது. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துப் பார்த்தார்கள். செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது நினைவு தப்பியிருந்தது. தாயும் போனாள், பிள்ளையும் போயிற்று.

விசாரிக்க வந்த ஆய்வாளர், இது கெட்ட தண்ணீரால் வருகிற காமாலை, பிள்ளைத்தாய்ச்சிக்கு எமன் என்றார். மருந்து போட்ட தண்ணீரைத் துணியால் மூடி ஒரு ராத்திரி வைத்தால் வாடை பெரும்பாலும் போய்விடும் என்றும் பேச்சுவாக்கில் சொன்னார். அதை அவரிடம் முன்பே கேட்க எனக்குத் தோன்றவில்லை. அடிபம்புத் தண்ணீரை யாராவது குடித்தார்களா என்று கேட்டார். கைப்பிடி என்னிடம்தான் இருக்கிறது என்றேன். அது பொய்யில்லை.

காரியம் முடிந்த அன்று அவள் புருஷன் என்னைத் தனியே கூப்பிட்டான். மாமல்லபுரத்தில் ஓட்டல் வேலை பார்க்கிறவன். தெரிந்துவிட்டது என்றே நினைத்தேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"நெனப்பு தப்பற வரைக்கும் உன்னத்தான் சொல்லிகினு இருந்தா அண்ணாத்த. நல்ல தண்ணி குடுத்தது நீ ஒருத்தன்தான்னு."

நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அவன் இன்றும் என் வாசலைத் தாண்டும்போது வண்டியை நிறுத்தி, சாப்பிட்டாச்சா என்று கேட்டுவிட்டுத்தான் போகிறான்.