கண் எரியாத தண்ணீர்

மலாயாவில், கூலாயிலிருந்து ஏழு மைல் உள்ளே தள்ளியிருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் டிரெஸராக, அதாவது மருந்து கொடுத்துக் கட்டுப் போடுபவனாக இருந்தேன். ஆஸ்பத்திரி என்று பெயர். பன்னிரண்டு கட்டில்கள், ஒரு மருந்து அலமாரி, ஒரு தராசு, அவ்வளவுதான். அந்தத் தராசு இருந்ததால்தான் தோட்ட மேனேஜரான பெரிய துரையின் நீச்சல் குளம் என் தலையில் வந்து விழுந்தது.

முப்பதுகளின் நடுவில், ரப்பர் விலை மறுபடி ஏறத் தொடங்கிய சமயம், துரை தன் பங்களாவுக்குப் பின்னால் சிமெண்டில் ஒரு குளம் கட்டினார். சதுப்பிலிருந்து வரும் ஓடைத் தண்ணீரைப் பம்பு வைத்து மேட்டுக்கு ஏற்றி நிரப்பினார்கள். நிரம்பிய பிறகு பார்த்தால் பால் விடாத தேநீர் மாதிரி இருந்தது. துரைசானி கரையில் நின்று பார்த்துவிட்டு இறங்காமல் உள்ளே போய்விட்டார். மறுநாள் காலை துரை ஆஸ்பத்திரிக்கு வந்தார்.

“மருந்து நிறுக்கத் தெரிந்தவர் இங்கே நீங்கள் ஒருவர்தான். அதைக் குளிக்கிற தண்ணீராக்கிக் கொடுங்கள்” என்றார். என்னோடு அவர் ஆங்கிலத்தில்தான் பேசுவார். கூலிகளிடம் மட்டும் தோட்டத் தமிழ்.

எனக்கு நீந்தத் தெரியாது. கிணற்றுத் தண்ணீருக்கு பிளீச்சிங் பவுடர் போட்டிருக்கிறேன், குளத்துக்குப் போட்டதில்லை. இருந்தாலும் முடியாது என்று சொல்கிற வழக்கம் எங்களிடம் இல்லை.

உதவிக்குப் பங்களாத் தோட்டக்காரரைக் கொடுத்தார்கள். தொண்டிப் பக்கம் கடற்கரை ஊர்க்காரர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். ஆனாலும் நான் அவரை நீ என்பேன், அவர் என்னை ஐயா என்பார். அன்றைக்கு அது யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை, எனக்கும்தான்.

முதலில் படிகாரத்தைக் கரைத்து ஊற்றினோம். இரண்டு நாளில் பழுப்பெல்லாம் திரிதிரியாகத் திரண்டு அடியில் படிந்தது. அதை அவர் மெதுவாக, கலங்காமல், அடி மடையைத் திறந்து வெளியேற்றினார். தண்ணீர் தெளிந்துவிட்டது. கிணற்றுக்குப் போடுவதுபோல அதில் பிளீச்சிங் பவுடரும் போட்டேன். துரைசானி அன்று மாலையே இறங்கினார். கால் மணி நேரத்தில் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஏறிவிட்டார்.

அதற்குக் காரணம் தோட்டக்காரரின் காலில் தெரிந்தது. தினமும் குளத்துச் சுவரைத் தேய்த்தவருக்குப் பாதம் வெடித்துப்போயிருந்தது. “சுண்ணாம்புத் தண்ணியில நின்ன மாதிரி இருக்குங்க ஐயா. வழுவழுன்னு இருக்கு” என்றார். புதுச் சிமெண்ட் தன்னிடமிருந்த சுண்ணாம்பைத் தண்ணீரில் விட்டுக்கொண்டிருந்தது. அதன் மேல் நான் போட்ட பிளீச்சிங் பவுடரும் சேர்ந்துகொண்டது.

துரை சிங்கப்பூருக்கு எழுதி ஒரு சோதனைப் பெட்டி வரவழைத்தார். உள்ளே கண்ணாடிக் குழாய், ஒரு சிறு குப்பியில் சொட்டு மருந்து, நிறங்கள் ஒட்டிய அட்டை. குளத்து நீரில் சில சொட்டு விட்டால் நிறம் மாறும். மஞ்சளானால் புளிப்பு அதிகம், நீலமானால் காரம் அதிகம், பச்சையானால் சரி. எங்கள் தண்ணீர் மைபோல நீலமானது.

காரத்தை முறிக்கும் புளிப்புக்கு நாங்கள் எங்கும் போக வேண்டியிருக்கவில்லை. ரப்பர்ப் பாலை உறைய வைக்கும் திராவகம் ஸ்டோரில் ஜாடி ஜாடியாக இருந்தது. துரையின் சீட்டைக் காட்டி ஒரு ஜாடி வாங்கி, வாளித் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, குளத்தைச் சுற்றி நடந்து ஊற்றுவேன். மறுநாள் பச்சை வரும். அடுத்த நாள் சிமெண்ட் மறுபடி நீலத்துக்குத் தள்ளும். இப்படி ஒரு மாதம் சிமெண்டுக்கும் எனக்கும் இழுபறி நடந்தது.

குழாயில் நிறம் சரியாக இருந்தாலும் கண் எரிகிறதா இல்லையா என்பது இறங்கினால்தான் தெரியும். ஒரு சனிக்கிழமை தோட்டக்காரரிடம், “நீ இறங்கித் தண்ணிக்குள்ள கண்ணைத் திறந்து பாரேன்” என்றேன். அவர் ஒருதரம் பங்களாப் பக்கம் பார்த்தார். பிறகு தலைப்பாகையை அவிழ்த்து வைத்துவிட்டு, சத்தமே இல்லாமல் தண்ணீருக்குள் போனார். அடியோடு நீந்தி மறுகரையில் எழுந்தார். அப்படி ஒருவர் நீந்தி நான் பார்த்ததில்லை.

அவர் எழுந்த இடத்தில் துரை நின்றுகொண்டிருந்தார். நான் கரையைச் சுற்றி அங்கே ஓடினேன். நான்தான் இறங்கச் சொன்னேன் என்று ஒப்புக்கொண்டேன். துரை அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கண் எரியுதா?” என்று தமிழில் கேட்டார்.

“இல்லீங்க துரை.”

துரை என் பக்கம் திரும்பி, “நல்ல யோசனை. இனி ஒவ்வொரு சனிக்கிழமையும் இவன் முதலில் இறங்கட்டும். பிறகு நாங்கள் இறங்குகிறோம்” என்றார்.

அதிலிருந்து சனிக்கிழமை மத்தியானம் அவர் இறங்குவார், கால் மணி நேரம் நீந்துவார், ஏறிவந்து சொல்வார். எரியுது என்றால் நான் மருந்தை மாற்றி, பத்து நாள் யாரையும் இறங்க விடமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை மற்றத் தோட்டத்துத் துரைமார் குடும்பத்தோடு வருவார்கள்.

மழைக்காலம் வந்தது. வாரக்கணக்கில் விடாமல் பெய்ததில் இலையும் மண்ணும் குளத்தில் சேர்ந்து, தண்ணீர் பாசி நிறமானது. நான் பிளீச்சிங் பவுடரைக் கூட்டினேன். அந்த நேரம் பார்த்துச் சொட்டு மருந்து தீர்ந்துபோனது. சிங்கப்பூரிலிருந்து வரத் தாமதமாயிற்று. தோட்டக்காரரின் கண்ணை நம்பியே வேலை செய்தேன். மூன்று சனிக்கிழமையும் “எரியலீங்க ஐயா” என்றார். நெடி மூக்கில் ஏறுகிறதே என்று எனக்கே சந்தேகம் இருந்தது. ஆனால் அவர் சிரித்த முகமாகச் சொன்னார், நானும் விட்டுவிட்டேன்.

முதல் இரண்டு ஞாயிறும் மழையால் துரைமார் யாரும் குளத்தில் இறங்கவில்லை. மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை ஜொகூர் பாருவிலிருந்துகூட விருந்தாளிகள் வந்திருந்தார்கள். சாயங்காலம் என்னைக் கூப்பிட ஆள் வந்தது. போனால் வராந்தாவில் ஏழு பேர் கண் சிவந்து உட்கார்ந்திருந்தார்கள். ஒரு துரைசானியின் கருநீல நீச்சல் உடை திட்டுத் திட்டாக வெளுத்திருந்தது. அவர் அதைத்தான் பெரிதாகச் சொன்னார். போரிக் கரைசல் வைத்து எல்லோருக்கும் கண் கழுவி விட்டேன். துரை என்னைத் தனியாகக் கூப்பிட்டு, தராசைக் கையில் வைத்திருப்பவனுக்கு அளவு தெரிய வேண்டும் என்றார்.

மறுநாள் காலை தோட்டக்காரரை ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னேன். வெளிச்சத்தில் நிறுத்தி இமையைக் கீழே இழுத்துப் பார்த்தேன். இரண்டு கண்ணும் ரத்தமாகச் சிவந்திருந்தன.

“எத்தனை நாளா இப்படி?”

“மூணு வாரமா இருக்குங்க.”

“எரியலன்னு சொன்னியே.”

அவர் தரையைப் பார்த்தார். “எரியுதுன்னு சொன்னா, ஐயா மருந்தை மாத்தி பத்து நாள் குளத்தைச் சும்மா போட்ருவீங்க. அடுத்த சனிக்கெழம இறங்க முடியாதுங்க.”

“அதுக்காகக் கண்ணைக் கெடுத்துக்குவியா?”

“நான் கப்பல் ஏறி வந்து ஒம்பது வருஷம் ஆச்சுங்க. இங்க ஓடையில முழங்கால் தண்ணி. விடியுமுன்ன பெரட்டுல பேர் கொடுக்கணும், வேலை, லயத்துல படுக்கை, இதேதான். குளத்துல இறங்கினா கால் கீழ தட்டாது பாருங்க. அந்தக் கொஞ்ச நேரம்.”

கண்ணைக் கழுவி, மருந்து போட்டு, இரண்டு நாள் ஓய்வு எழுதிக் கொடுத்தேன். சீட்டில், கண்ணில் தூசி விழுந்தது என்று எழுதினேன். துரையிடம், சொட்டு மருந்து தீர்ந்ததால் அளவு தப்பியது என்றேன். அது முழுப் பொய்யுமில்லை.

அந்த வாரமே சிங்கப்பூரிலிருந்து மருந்து வந்தது, இந்தத் தடவை மூன்று குப்பிகள். இதற்குள் சிமெண்டும் அடங்கிவிட்டிருந்தது. மழை நின்றதும் திராவகம் அவ்வளவாகத் தேவைப்படவில்லை. துரை ஒருநாள் அட்டையைப் பார்த்துக்கொண்டே, “இனி அந்த ஆள் இறங்க வேண்டுமா?” என்று கேட்டார்.

வேண்டும் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் துரை மறுக்கப்போவதில்லை. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை இன்னும் என் மனதில் இருந்தது. நான் வேண்டாம் என்றேன். தோட்டக்காரரிடமும் நானே சொன்னேன்.

“சரிங்க ஐயா” என்றார். நீளக் கழி கட்டிய துடைப்பத்தை எடுத்துக்கொண்டு, கரையில் நின்றபடியே சுவரைத் தேய்க்கப் போனார்.

நான்கு மாதம் கழித்து அவர் வேலையை விட்டார். ஜொகூர் பாருவில் சரக்குப் படகு வேலைக்குப் போவதாக ஆஸ்பத்திரி வாசலில் வந்து சொல்லிவிட்டுப் போனார். அடுத்து வந்தவர் சேலத்துக்காரர். குளத்தில் ஆழமான பக்கம் போகவே மாட்டார். குளத்தைப் பற்றி அதன் பிறகு யாரும் குறை சொல்லவில்லை.

மருந்து வாங்க ஜொகூர் பாருவுக்குப் போகும்போதெல்லாம் கரையோரம் நிற்கும் படகுகளைப் பார்ப்பேன். ஒரு தடவை ஒருவர் படகிலிருந்து தண்ணீரில் குதித்து, கயிற்றைப் பிடித்துக்கொண்டு நீந்தி வந்தார். அவர்தானா என்று தூரத்தில் தெரியவில்லை. என்னைக் கூட்டிவந்த தோட்டத்து லாரி டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். நான் ஏறிக்கொண்டேன்.