ஆடிக்கு விழுந்த வாய்தா

ஓய்வு பெற்ற வருஷமே எனக்கு இழுப்பு வந்தது. டாக்டர் அதற்கு ஆஸ்துமா என்று பெயர் சொன்னார். பெயர் பெரிதாயிற்றே தவிர மூச்சு பெரிதாகவில்லை. நகரசபையில் லைசென்சு பிரிவின் தலைமைக் குமாஸ்தாவாக இருந்தவன் நான். எந்தக் காகிதம் எந்த மேஜையில் எவ்வளவு காலம் தூங்கும் என்பது எனக்கு மனப்பாடம். என் மார்பு எப்போது அடைக்கும், எப்போது திறக்கும் என்பது மட்டும் பிடிபட நாளாயிற்று.

பிடிபட்டதும் வீட்டுக்குச் சட்டம் போட்டேன். மிளகாய் வறுப்பதென்றால் நான் காலையில் நடக்கப் போயிருக்கும் நேரத்தில்தான். வெள்ளிக்கிழமை சாம்பிராணி ரத்து. சாமிக்குப் பூ போதும். இலவம்பஞ்சு மெத்தையை யாருக்கோ கொடுத்துவிட்டுக் கோரைப்பாயில் படுத்தேன். படுத்தேன் என்று சொல்வது ஒரு மரியாதைக்கு. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடிதான் தூங்கினேன். மூச்சு அடைத்துக்கொண்டால் ஊமத்தை இலைப் பொடியைத் தகரத் தட்டில் கொளுத்தி அந்தப் புகையை இழுக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். புகை ஆகாதவனுக்குப் புகையே எப்படி மருந்தாகும் என்று அவரிடம் கேட்க நினைத்தேன். கேட்கும் அளவுக்கு மூச்சு இல்லை.

என் சட்டத்துக்கு வீட்டில் எல்லாம் கட்டுப்பட்டன. பக்கத்து வீட்டுக்காரர் கட்டுப்படவில்லை.

நீலகிரியிலிருந்து பைகாரா கரண்ட் வந்ததும் கோயம்புத்தூரைச் சுற்றி மில்லுக்கு மேல் மில்லாகக் கிளம்பிய காலம் அது. அந்த மில்களின் கழிவுப் பஞ்சை வாங்கி, அடித்துச் சுத்தம் செய்து, மெத்தைக்காரர்களுக்கு விற்பது அவர் தொழில். தோட்டம் துரவு உள்ள குடும்பம்; குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. அவர் தம் கொல்லையில், என் மேற்கு வேலியை ஒட்டி, ஓட்டுச் சாளை ஒன்று போட்டு அதில் பஞ்சு அடிக்கும் மிஷினை வைத்தார். ஆனி பிறந்தால் பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புறப்படும் மேற்குக் காற்று ஆவணி வரை ஓயாது. அது முதலில் அவர் சாளைக்குள் புகுந்து, பிறகு என் மூக்குக்குள் புகும். மேற்கு ஜன்னலில் ஈர வேட்டி கட்டிவைத்தேன். சாயங்காலம் அதை அவிழ்த்தால் ஆட்டுத்தோல்போல ரோமம் கட்டியிருக்கும்.

வேலியோரம் போய்ச் சொல்லிப் பார்த்தேன்.

"உங்க பஞ்சு..." என்று ஆரம்பித்தேன். அதற்குமேல் மூச்சு வரவில்லை.

"வெலைங்களா? அதையேங் கேக்கறீங்க, எறங்கிப்போச்சுங்க" என்றார்.

"இல்லைங்க, காத்துல..."

"ஆமாங்க, இந்த வருசம் காத்து சாஸ்திங்க. சோளத்தட்டெல்லாம் சாஞ்சுபோச்சுங்க. நீங்க ஏனுங்க வெளிய நிக்கறீங்க, ஒடம்புக்கு ஆகாதுங்க. பொள்ளாச்சியிலிருந்து எளநி வருதுங்க, குடுத்து உடறேனுங்க."

கொடுத்தும் விட்டார். இழுப்புக்காரனுக்கு இளநீர். என் மனைவி அதை அப்படியே பால்காரனுக்குத் தள்ளிவிட்டாள். எத்தனையோ தடவை வேலிக்குப் போனேன். ஒரு தடவைகூட என் வாக்கியத்தை நான் முடிக்கவில்லை. அவர்தான் முடித்துவைத்தார், ரொம்பப் பணிவாக. என்னைக் கொன்றால்கூட 'ங்க' போட்டுத்தான் கொல்வார் என்று தெரிந்துகொண்டேன்.

வாயால் முடியாததைக் காகிதத்தில் முடிக்கலாம் என்று ஆவணியில் நகரசபைக்கு மனுப் போட்டேன். அது மேஜை மேஜையாக ஏறி இறங்கிச் சுகாதார ஆபீசர் பார்வையிட வரும்போது கார்த்திகை. காற்று திசை மாறி என் வீட்டிலிருந்து அவர் வீட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது. மிஷின் ஓடிய நிலையிலும் என் முற்றத்தில் ஒரு பிசிறு இல்லை. தொந்தரவு ஏதும் காணவில்லை என்று எழுதிவிட்டுப் போனார் ஆபீசர். கோப்பு நடந்த வேகத்தைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அந்த நடையை அதற்குப் பழக்கியவர்களில் நானும் ஒருவன்.

மறுநாள் பக்கத்து வீட்டுக்காரர் வந்தார்.

"நம்ம மிஷினால உங்களுக்குச் சங்கடமுன்னு கேள்விப்பட்டனுங்க. ஆபீசரே ஒண்ணுமில்லைன்னுட்டாருங்க. மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க" என்றார்.

மனசில்தான் வைத்துக்கொண்டேன். மழைக்காலம் முழுவதும், பனிக்காலம் முழுவதும் வைத்துக்கொண்டேன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பவனுக்கு யோசிக்க நிறைய நேரம் உண்டு.

நான் போட்ட மனுவில் குற்றமில்லை. போட்ட மாதம்தான் தவறு. அவருடைய லைசென்சு மார்ச்சோடு முடியும். புதுப்பிக்கும்போது அண்டை வீட்டார் ஆட்சேபணை சொல்லலாம்; சொன்னால் மறுபடியும் பார்வையிட்டாக வேண்டும். பங்குனியில் ஆட்சேபணை கொடுத்தால் பார்வை நாள் வைகாசித் தொடக்கத்தில் விழும். அப்போது காற்று இருக்காது. ஆனால் பக்கத்து வீட்டுக்காரரையும் நான் கோப்பைப் போலப் படித்து வைத்திருந்தேன். அவர் எதையும் முடியாது என்று சொல்லமாட்டார், தள்ளிப்போடுவார். பெண் கேட்டு வந்தவர்களையே நாலு வருஷம் தள்ளிப்போட்டவர். ஒரு தடவை தள்ளிய பார்வை, ஆபீஸ் வழக்கப்படி வரிசையின் அடிக்குப் போகும். அடியிலிருந்து மேலே வர ஆடி ஆகிவிடும்.

பங்குனியில் ஆட்சேபணை கொடுத்தேன். பார்வை நாளைக் குறித்து அவருக்கும் எனக்கும் நோட்டீஸ் வந்தது. நான் நினைத்த மாதிரியே, கையில் ஒரு காகிதத்தோடு வந்து நின்றார்.

"ஏனுங்க, அந்த வாரம் எங்க ஊர்ல மாரியாத்தா நோம்பிங்க. நாளைத் தள்ளிவெக்க உங்களுக்கு ஆட்சேபணை இல்லீன்னு ஒரு கையெழுத்து வேணுமாங்க."

திருவிழாவுக்குக் குறுக்கே நிற்க நான் யார்? கையெழுத்தைப் போட்டுக் கொடுத்தேன். என் மனைவிக்குக் கோபம்.

"அந்த மனுசன் கேட்டா உடனே போட்டுக் குடுத்துருவீங்களா? ராவெல்லாம் உக்காந்து இளைக்கறது அவருங்களா, நீங்களா?"

"நான்தான். ஆடி வரட்டும்" என்றேன்.

ஆடியில் வந்தார் ஆபீசர். அவர் புதியவர், கறுப்புக் கோட்டுப் போட்டவர். வருகிற நாள் தெரிந்திருந்ததால் பக்கத்து வீட்டுக்காரர் மிஷினை நிறுத்தி, அன்று காலை ஆள் விட்டுச் சாளையைக் கூட்டச் சொல்லியிருந்தார். அங்கேதான் கெட்டுப்போனார். சும்மா விட்டிருந்தால் ஓட்டு இடுக்கிலும் விட்டத்திலும் படிந்து கிடந்ததெல்லாம் கிடந்தபடி கிடந்திருக்கும். விளக்குமாறு கிளப்பி விட்டதை ஆடிக் காற்று கையோடு வாங்கிக்கொண்டது.

ஆபீசரைச் சாளைக்குக் கிழக்கே, என் வேலியோரத்து நிழலில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார் பக்கத்து வீட்டுக்காரர். ஜன்னலில் கட்டிய ஈர வேட்டியை ஒதுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். காப்பி வந்தது. ஆபீசர் ஒரு வாய் குடித்து, தம்ளருக்குள் எட்டிப் பார்த்தார். அதற்குள் கறுப்புக் கோட்டு சாம்பல் நிறமாகி, தோளில் வெளுத்துக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் தம் துண்டால் தட்டிவிட்டார். துண்டிலும் பஞ்சு.

"உங்க பஞ்சு..." என்று ஆபீசர் ஆரம்பித்தார். இருமல் வந்து நிறுத்தியது.

"காப்பி சூடுங்களா? ஆத்தித் தரச் சொல்றேனுங்க" என்றார் அவர்.

அந்த நிமிஷத்துக்காக நான் எட்டு மாதம் உட்கார்ந்தே தூங்கியிருக்கிறேன். இன்னும் எட்டு மாதம் உட்காரச் சொன்னாலும் உட்கார்ந்திருப்பேன்.

ஆபீசர் என் பக்கமும் வந்து பார்த்தார். "நீங்கதான் மனுதாரரா?" என்று கேட்டார். தலையை ஆட்டினேன். பேச மூச்சில்லை, தேவையும் இல்லை. ஆவணிக்குள் மிஷினை நகர எல்லைக்கு வெளியே கொண்டுபோக வேண்டும் என்று உத்தரவாயிற்று.

கொண்டுபோனார். சாளை காலியான சில வாரத்தில் மறுபடியும் வேலியோரம் வந்து நின்றார். முகத்தில் வருத்தம் இருந்தது. பேச்சில் மரியாதை குறையவில்லை.

"துடியலூர்ப் பக்கம் எடம் பாத்திருக்கேனுங்க. அங்க மிஷின் வெக்க என்னென்ன பண்ணோணுமுங்க? உங்களுக்குத் தெரியாத ரூல் ஏதுங்க?"

சொன்னேன். எதையும் மறைக்கவில்லை. நில வரைபடம், மிஷின் நிறுவ அனுமதி, மோட்டாரின் குதிரைசக்திக்குத் தனி அனுமதி, சுகாதார இலாகாவின் சம்மதம், தீ விபத்துக்கான ஏற்பாடு, அண்டை நிலக்காரர்களுக்கு நோட்டீஸ், ஆட்சேபணை வந்தால் விசாரணை, விசாரணையின்மேல் அப்பீல், இவற்றில் எது முந்தி எது பிந்தி, பிந்தியதை முந்திக் கொடுத்தால் எல்லாம் எப்படித் திரும்பி வரும் என்பதுவரை, ஒரே மூச்சில் சொன்னேன். நடுவில் அவர் வாயைத் திறந்து திறந்து மூடினார். நுழைய நான் இடைவெளி விடவில்லை.

"இத்தனை இருக்குதுங்களா?" என்றார் கடைசியில்.

"இது சுருக்கமுங்க. முழுசா வேணும்னா நாளைக்கு வாங்க" என்றேன்.

அவர் போனபின் மேற்கு ஜன்னலில் இருந்த வேட்டியை அவிழ்த்து மனைவியிடம் துவைக்கக் கொடுத்தேன். உள்ளே போய்ப் பாயை விரித்து, முதுகு முழுவதும் தரையில் பட, நீட்டி நிமிர்ந்து படுத்தேன். இதை மரியாதைக்குச் சொல்லவில்லை.